மூன்று மொழியில் ஒரு வரைபு: எந்த மென்பொருளை நம்புவது?

கொழும்பில் புள்ளிவிபர வேலை செய்கிறவர்களிடம் "எந்த மென்பொருளில் வரைபு போடுகிறீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, கம்பஸில் படித்தது. மற்றது, கந்தோர்க் கணினியில் ஏற்கனவே இருப்பது. இரண்டிலும் தப்பில்லை. ஆனால் எங்கள் வேலையில் ஒரு நிபந்தனை இருக்கிறது: ஒரே வரைபு சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் போக வேண்டும். இதை முன்னால் வைத்துப் பார்த்தால், மென்பொருள்களைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் ஒப்பீடுகளில் பாதி நமக்கு உதவாது.

மாவட்டச் சுகாதாரத் தரவுகளைத் தொகுத்து அறிக்கையாக்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. தரவு வரும், வரைபு போடுவோம், மேலே போகும், திரும்பி வரும். "இந்த மாவட்டத்துக்குப் புது எண் வந்திருக்கு, மாத்துங்கோ." "போட்டோகொப்பியில நிறம் தெரியேல்ல." "சிங்களத் தலைப்பில எழுத்துப் பிழை." ஒவ்வொன்றுக்கும் மூன்று வரைபைத் திரும்பப் போட வேண்டும். அதனால் ஒரு மென்பொருளில் முதல் வரைபு எவ்வளவு அழகாக வருகிறது என்று நான் பார்ப்பதில்லை. திருத்தம் வந்த அன்று எவ்வளவு நேரம் தின்கிறது என்றுதான் பார்ப்பேன்.

முதலில் எக்செல். அதைக் கேலி செய்வது புள்ளிவிபரக்காரர்களிடம் ஒரு பழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழையும் சிங்களத்தையும் எந்த ஏற்பாடும் இல்லாமல் சரியாக எழுதிக் காட்டும். எல்லாருடைய கணினியிலும் இருக்கும். மேலே இருக்கிற சேர் ஒரு எண்ணை மாற்றிப் பார்க்க விரும்பினால் அவரே மாற்றிப் பார்க்கலாம். ஒரே ஒரு தடவை போடும் சலாகை வரைபுக்கு இன்றைக்கும் நான் எக்செல்லைத்தான் திறப்பேன்.

ஆனால் திகதியில் கவனம் வேண்டும். நாங்கள் நாளை முதலிலும் மாதத்தைப் பிறகும் எழுதுகிறோம். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், ஏப்ரல் 3 என்று பதிந்தது சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகிவிடும். 12ஆம் திகதிக்குப் பிந்தியவற்றை மாதமாக வாசிக்க முடியாததால் அவை வெறும் எழுத்தாக நின்றுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. வரைபில்தான் பிடிபடும்: ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாளில் மட்டும் நோயாளிகள் வந்தது போலவும் பிறகு யாருமே வராதது போலவும் தெரிந்தால், தரவை விட்டுவிட்டுத் திகதி நிரலைப் பாருங்கள். வருடத்தை முதலில் எழுதி, பிறகு மாதம், பிறகு நாள் என்று பதிந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

வரிசை எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. இப்போதைய எக்செல் தாளில் 1,048,576 வரிசைகள். பழைய வடிவத்தில் 65,536 தான். இங்கிலாந்தில் 2020இல் கோவிட் தொற்றாளர் 15,841 பேரின் விபரம் நேரத்துக்குக் கணக்கில் சேராமல் போனது இந்தப் பழைய வடிவத்தின் வரம்பால்தான். நம் மாவட்ட அட்டவணை அந்த அளவுக்குப் போகாது. ஆனால் வைத்தியசாலைப் பதிவுகளை ஆள்வாரியாக வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

எங்களை எக்செல்லை விட்டு நகர்த்தியது இவை எதுவுமில்லை. மூன்று மொழி, 25 மாவட்டம், வாராந்தத் தரவு. இதைச் சுட்டியால் தட்டித் தட்டிச் செய்ய முடியாது; செய்தாலும் போன மாதம் என்ன செய்தோம் என்பதற்குத் தடயம் இருக்காது.

அந்த நேரத்தில் பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவன் பைத்தன் என்ற நிரல்மொழியின் பக்கம் இழுத்தான். "அக்கா, மேட்பிளாட்லிப்ல ரெண்டு வரியில முடிஞ்சிடும்" என்றான். ஆங்கில வரைபு உண்மையிலேயே அப்படித்தான் முடிந்தது. பைத்தனில் வரைபு போட உதவும் இந்த மேட்பிளாட்லிப்பைத் தொடங்கியவர் ஜான் ஹண்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர். மூளை மின்னலைத் தரவைப் பார்ப்பதற்காகத் தன் சொந்தத் தேவைக்கு எழுதியது, 2003இல் வெளியானது. ஆய்வாளர் ஒருவரின் கருவி என்பது அதன் ஒவ்வொரு மூலையிலும் தெரியும். அச்சின் ஒவ்வொரு கோடும் கைக்கு எட்டும், எதையும் நகர்த்தலாம். ஆனால் எல்லாவற்றையும் நாம்தான் நகர்த்த வேண்டும்.

தமிழ்த் தலைப்பைக் கொடுத்தபோது முதலில் வந்தது வரிசையாகச் சதுரப் பெட்டிகள். அது சின்ன விஷயம். அதன் இயல்பான எழுத்துருவான டெஜாவூவில் தமிழ் இல்லை. நோட்டோ தமிழ் எழுத்துருவைக் கொடுத்ததும் பெட்டிகள் போய்விட்டன. பிறகு வந்ததுதான் உண்மையான சிக்கல். "கேகாலை" என்று கொடுத்தால் ககரம் முதலில் வந்து அதற்குப் பின்னால் இரட்டைக் கொம்பு நின்றது. லகரத்துக்கு முன்னால் வர வேண்டிய ஐகாரக் குறி வால் போலக் கடைசியில் தொங்கியது. "முல்லைத்தீவு" இன்னும் மோசம்: மகரம் தனியே, உகரக் குறி தனியே. சிங்களத்திலும் அதே கதை. கொம்பு இடம் மாறியது, கூட்டெழுத்துகள் பிரிந்து நின்றன.

காரணம் எளிது. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் "கே" என்பது ககரமும் பிறகு ஏகாரக் குறியும் என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் தூக்கிப் போடுவதும், மகரத்தையும் உகரத்தையும் ஒட்டி "மு" ஆக்குவதும் திரையில் வரையும் மென்பொருளின் வேலை. உலாவிகளிலும் லிப்ரேஆபிஸிலும் அதை ஹார்ஃப்பஸ் என்ற நிரல் செய்கிறது. நாங்கள் பயன்படுத்திய மேட்பிளாட்லிப் பதிப்பு எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டுப் போனது.

இதில் ஒரு வேடிக்கை. பாமினி எழுத்துருவில் தட்டிய தலைப்பைக் கொடுத்தால் அதே மென்பொருளில் தமிழ் அச்சொட்டாக வரும்! பாமினியில் கொம்பை நாமே முன்னால் தட்டுகிறோம், கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்து. கொழும்பில் எத்தனையோ கந்தோர்களில் இன்னும் பாமினியும், சிங்களத்துக்கு எஃப்எம் அபயாவும் உயிரோடு இருப்பதற்கு இந்த மாதிரிச் சௌகரியங்களும் ஒரு காரணம். ஆனால் அந்த அறிக்கையில் "கேகாலை" என்று தேடினால் கிடைக்காது, வேறு கணினியில் திறந்தால் குப்பையாகத் தெரியும். அவசரத்துக்கு ஒரு சுவரொட்டி என்றால் சரி. தரவுக் கோப்பில் மட்டும் பாமினியை நுழைய விடாதீர்கள்.

பைத்தனிலேயே இருந்தபடி தப்பும் வழி உண்டு. வரைபை எஸ்விஜி என்ற பட வடிவத்தில் சேமிக்கும்போது, எழுத்தைக் கோடுகளாக மாற்றாமல் எழுத்தாகவே விடும்படி அமைப்பில் சொல்லலாம். பிறகு உலாவியிலோ இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளிலோ திறந்தால் அவை தமிழைச் சரியாகக் கோக்கும். அங்கிருந்து பிடிஎஃப் ஆக்கி அச்சகத்துக்கு அனுப்பலாம். கெய்ரோ என்ற வேறொரு வரையும் நிரல் வழியாகப் போகும் துணைநிரலும் ஒன்று இருக்கிறது, எங்கள் விண்டோஸ் கணினிகளில் அதை நிறுவுவது பெரும்பாடாக இருந்ததால் விட்டுவிட்டோம். பைத்தன் தெரிந்தவர்கள் மட்டும் இருக்கும் குழுவுக்கு எஸ்விஜி வழி போதும்.

நான் கடைசியில் போய் நின்றது ஆர் என்ற புள்ளிவிபர நிரல்மொழியிலும் அதன் வரைபுத் தொகுப்பான ஜிஜிபிளாட்2இலும். நியூசிலாந்தின் ஒக்லண்ட் பல்கலைக்கழகத்தில் ரோஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மனும் உருவாக்கிய மொழி ஆர், 1.0 பதிப்பு 2000ஆம் ஆண்டு பெப்ரவரி 29இல் வந்தது. ஜிஜிபிளாட்2 அதே நாட்டுக்காரரான ஹாட்லி விக்கம் எழுதியது. வரைபுக்கு ஒரு இலக்கணம் உண்டு என்று லீலாண்ட் வில்கின்சன் வகுத்ததை அடித்தளமாகக் கொண்டது. பெரிய வார்த்தையாகத் தெரிந்தாலும் நடைமுறையில் விஷயம் இதுதான்: "சலாகை வரைபு போடு" என்று நாம் சொல்வதில்லை. கிடை அச்சுக்கு வாரம், நிலை அச்சுக்கு எண்ணிக்கை, நிறத்துக்கு மாகாணம் என்று தரவு அட்டவணையின் எந்த நிரல் எதற்கு என்று சொல்கிறோம். அது கோடாக வர வேண்டுமா, புள்ளியாக வர வேண்டுமா என்பது அதற்கு மேல் இன்னொரு அடுக்கு. தலைப்புகளும் தனி அடுக்கு. மொழி மாறும்போது அந்த ஒரு அடுக்கை மட்டும் மாற்றினால் போதும். மூன்று மொழி வேலைக்கு இதைவிட வசதி எனக்குக் கிடைக்கவில்லை.

தமிழ் எழுத்துக்கு ஆரிலும் ஒரு பொறி இருக்கிறது. அதன் வழக்கமான பிடிஎஃப் வழியில் தமிழ்த் தலைப்பு எச்சரிக்கையோடு வெறும் புள்ளிகளாக வரும். ராக் என்ற தொகுப்பை நிறுவிப் படமாகச் சேமித்தால் அது ஹார்ஃப்பஸ் வழியாகப் போவதால் கேகாலையும் முல்லைத்தீவும் ஒழுங்காக வந்துவிடும். எழுத்துருவுக்கு, விண்டோஸில் ஏற்கனவே இருக்கும் நிர்மலா போதும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் அதிலேயே இருக்கின்றன. மூன்று பதிப்பும் ஒரே தோற்றத்தில் வர அது உதவும்.

டெங்குத் தரவைக் கொண்டு ஒரு விஷயத்தைக் காட்டுகிறேன். நாட்டில் 2017இல் மட்டும் 186,101 பேர் டெங்குத் தொற்றாளராகப் பதிவானார்கள். பல வருடங்களை ஒரே கோட்டு வரைபில் போட்டால் அந்த ஒரு வருடம் மற்றதையெல்லாம் தரையோடு அழுத்திவிடும். மாவட்டங்களை ஒன்றாகப் போட்டாலும் இதே நிலைதான்: கொழும்பும் கம்பஹாவும் மேலே போக, முல்லைத்தீவும் மன்னாரும் அச்சோடு ஒட்டிக் கிடக்கும். ஜிஜிபிளாட்2இல் ஒரு வரி சேர்த்தால் ஒவ்வொரு மாவட்டமும் தனிச் சிறு பெட்டியாகப் பிரிந்து 25 பெட்டிகள் வரும். தென்மேல் பருவமழையோடு ஏறும் மாவட்டங்களும், வருடக் கடைசியில் வடகீழ்ப் பருவமழையோடு ஏறும் வடக்கு, கிழக்கு மாவட்டங்களும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். எக்செல்லில் இதையே செய்ய அரை நாள் போகும்.

ஆனால் அந்தப் பெட்டிகளுக்கு நிலை அச்சு பொதுவாக இருக்க வேண்டுமா, தனித்தனியாக இருக்க வேண்டுமா? தனித்தனியாக விட்டால் மன்னாரின் ஐந்தாறு பேர் கொழும்பின் ஆயிரம் பேருக்குச் சமமான மலையாகத் தெரிவார்கள். பருவத்தைக் காட்டத்தான் வரைபு என்றால் தனி அச்சு சரி, ஆனால் அதைத் தலைப்பிலேயே எழுத வேண்டும். சுமையை ஒப்பிடத்தான் என்றால் 100,000 பேருக்கு எத்தனை என்று மாற்றிப் பொது அச்சில் போடுவதே நேர்மை. மென்பொருள் இரண்டையும் ஒரே சொல்லில் செய்து தரும், எது வேண்டும் என்று கேட்காது.

மாவட்டங்களின் வரிசையும் அப்படித்தான். எதுவும் சொல்லாவிட்டால் ஆர் பெயர்களை அகர வரிசையில் அடுக்கும். ஆங்கிலத்தில் அது அம்பாறை, அநுராதபுரம், பதுளை என்று தொடங்கும். தமிழில் அநுராதபுரம், அம்பாந்தோட்டை, அம்பாறை என்று தொடங்கும். சிங்களத்தில் இன்னொரு வரிசை. ஒரே தரவு, மூன்று மொழியில் மூன்று உருவம்! சரிபார்க்கிறவர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து "எண்கள் பொருந்தவில்லை" என்று திருப்பி அனுப்புவார், அவரைக் குறை சொல்ல முடியாது. பெரியதிலிருந்து சிறியதாகவோ, அரச அட்டவணைகளில் வரும் கொழும்பு, கம்பஹா, களுத்துறை, கண்டி என்ற வரிசையிலோ கையால் நிறுத்திவிட வேண்டும்.

தேசப்படத்தில் நிறம் போடுகிறவர்களுக்கு இன்னொன்று. எல்லைக் கோப்பில் 25 மாவட்டம் இருக்கும். தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அட்டவணையில் அம்பாறையிலிருந்து கல்முனை தனியாக வருவதால் 26 வரிசை இருக்கும். இரண்டையும் பெயரால் இணைத்தால் கல்முனை ஓசையில்லாமல் உதிர்ந்துபோகும், அம்பாறை வெளிறித் தெரியும். இணைக்கும் முன் அம்பாறையோடு கூட்டிவிடுங்கள். ஆங்கிலப் பெயர்களிலும் மொனராகலை, முல்லைத்தீவு, நுவரெலியா மூன்றும் கோப்புக்குக் கோப்பு வேறு எழுத்துக்கூட்டலில் வரும். தமிழ்ப் பெயரால் இணைப்பது அதைவிட ஆபத்து: "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் கொழும்புதான், கணினிக்கு இரண்டு வேறு ஊர். மாவட்டத்துக்கு ஒரு எண் கொடுத்து அதால் இணைப்பதே நிம்மதி.

க்னூபிளாட் என்ற பழைய வரைபு மென்பொருளையும் சொல்லாமல் விடக் கூடாது. 1986இல் வந்தது, பெயரில் க்னூ இருந்தாலும் க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தோடு அதற்கு உறவில்லை. பௌதிகவியல் படித்த ஒரு அண்ணா இன்னும் அதில்தான் எல்லாம் போடுகிறார். அதன் கெய்ரோ வழிப் படங்களில் தமிழ் எந்த ஏற்பாடும் இல்லாமல் சரியாக வருவதைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். பழைய மடிக்கணினியிலும் பறக்கும். மழைமானி, நீர்மட்டம் போன்ற நீண்ட அளவீடுகளுக்கு அருமை. மாவட்டம், பால், வயது என்று பிரித்துப் பிரித்துப் பார்க்கும் வேலைக்கு மட்டும் அதில் கை நோகும்.

காசு விஷயம். 2022க்கு முன்னால் டொலரில் சந்தா கட்டும் புள்ளிவிபர மென்பொருள்கள் எங்களுக்கும் எட்டும் தூரத்தில்தான் இருந்தன. அந்த வருட மார்ச் மாதத் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதமளவில் 360ஐத் தொட்டது. புதுப்பிக்கும் நாள் வந்தபோது முகாமையாளர் "இது கட்டாயம் வேணுமா?" என்று கேட்டார். ஒருவரிடமும் பதில் இல்லை. அதே நாட்களில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. இணையத்தில் மட்டும் இயங்கும் கருவிகளோடு வேலை செய்தவர்கள் ரவுட்டரைப் பார்த்தபடி இருந்தார்கள். ஆரும் பைத்தனும் இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். எங்கள் அலுவலகம் அவற்றுக்கு மாறியதற்குத் தொழில்நுட்பக் காரணத்தைவிட இதுதான் பெரிய காரணம்.

அதற்காக இணையக் கருவிகளை ஒதுக்கவில்லை. டேட்டாராப்பர் போன்றவை உலாவியில் ஓடுவதால் தமிழ், சிங்களம் இரண்டும் பிசகில்லாமல் வரும். நிரல் தெரியாதவரும் நல்ல வரைபு போடலாம். ஏற்கனவே வெளியான தொகுப்பு எண்களுக்கு ஏற்றது. ஆள்வாரி நோயாளர் தரவை மட்டும் வெளிநாட்டுச் சேவையகத்தில் ஏற்றாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் செய்யக் கூடாத காரியம்.

எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருளில் ஆய்வறிக்கை முடித்த வைத்தியர்கள் அதிலேயே வரைபும் போட்டு அனுப்புவார்கள். கணிப்புக்கு நல்லது. வரைபை வேறு இடத்தில் போடுங்கள் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நிறம் பற்றி: எங்கள் அறிக்கைகள் பிரதேச செயலகங்களுக்குப் போய்ச் சேரும்போது பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் போட்டோகொப்பியாகத்தான் போகின்றன. சிவப்பும் பச்சையும் அங்கே ஒரே சாம்பல். விரிடிஸ் என்ற நிற வரிசை கருநீல ஊதாவில் தொடங்கி மஞ்சளில் முடியும், வெளிச்சம் படிப்படியாகக் கூடிக்கொண்டே போகும். பிரதி எடுத்தாலும் வரிசை குலையாது, சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கும் புரியும். 2017இல் வந்த மேட்பிளாட்லிப் 2.0இல் அதுதான் இயல்பு நிறமானது, ஜிஜிபிளாட்2இலும் இருக்கிறது. வட்ட வரைபு கேட்டு வருகிறவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. கோணத்தைவிடப் பொது அச்சில் உள்ள நிலையை நம் கண் துல்லியமாக அளக்கும் என்று புள்ளிவிபர ஆய்வாளர்களான கிளீவ்லண்டும் மக்கிலும் 1984இலேயே காட்டிவிட்டார்கள். வட்டத்தையும் சலாகையையும் பக்கத்தில் வைத்து அனுப்பினால் பெரும்பாலும் சலாகையைத்தான் எடுக்கிறார்கள்.

புதிதாக ஒரு கருவியைப் பார்க்கும்போது விளம்பரப் படங்களைப் பார்ப்பதில்லை. கொழும்பு, கேகாலை, முல்லைத்தீவு என்று மூன்று பெயரைத் தலைப்பில் கொடுத்து, படமாகவும் பிடிஎஃப்பாகவும் சேமித்து, வேறொரு கணினியில் திறந்து பார்ப்பேன். ஏறக்குறையப் பத்து நிமிட வேலை. அதில் தோற்றதை நாங்கள் ஆங்கிலப் பதிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

இப்போது தலைப்புகள் எதுவும் ஆர் கட்டளைகளுக்குள் இல்லை. ஒரு எக்செல் தாளில் முதல் நிரலில் குறியீட்டு எண், பிறகு சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று வைத்திருக்கிறோம். ஆர் அதை வாசித்து மூன்று வரைபையும் ஒரே ஓட்டத்தில் தரும். சிங்கள மொழிபெயர்ப்பாளருக்கு நிரல் எழுதத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. பிழை கண்டால் அந்தத் தாளிலேயே திருத்திவிட்டு "சரி, ஓட்டுங்கோ" என்று செய்தி அனுப்புவார்.